நான் சொன்னேன்னு சொல்லுங்க

காங்கயத்தில் அப்பா மோட்டார் சாமான் கடை வைத்திருந்தார். ஃபுட் வால்வு, இம்பெல்லர், பேரிங், வீ-பெல்ட்டு, கிளாண்டு கயிறு என்று தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கும் அரிசி மில்லுக்கும் எண்ணெய் மில்லுக்கும் வேண்டிய சாமான்கள். முழுப்பரீட்சை லீவில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பில் எழுதுவது என் வேலை. 6205 பேரிங்குக்கும் 6305க்கும் உள் ஓட்டை ஒன்றுதான், வெளிச்சுற்றுதான் பெரிது என்பது ஐந்தாவது படிக்கும்போதே எனக்குத் தெரியும். அதனால் பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க்கும் கூடவில்லை.

கேட்ட சாமான் கடையில் இல்லையென்றால் 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு அப்பா யாரையும் அனுப்பியதில்லை. "நம்மகிட்ட இல்லீங்க. தாராபுரம் ரோட்டுல ஒரு கடை இருக்குதுங்க, அங்க கிடைக்கும்" என்பார். வெளியூர்க் கடையாக இருந்தால் பழைய பில்லைத் திருப்பி, பின்பக்கத்தில் தடம் போட்டுக் கொடுப்பார். ஒரு கோடு, ஒரு திருப்பம், ஒரு புளியமரம், பக்கத்தில் ஒரு சதுரம். சதுரம்தான் கடை. கையில் கொடுக்கும்போது மறக்காமல் ஒன்று சொல்வார்: "காங்கயத்துல நான் சொன்னேன்னு சொல்லுங்க."

எனக்கு அது பொறுக்காது. ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏம்ப்பா, நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டு நாமளே வாங்கி வெச்சுக் குடுத்தா காசு நமக்குத்தான?"

அப்பா பேரிங்குக்குக் கிரீஸ் தடவிக்கொண்டே, "சித்திரை வெயில்ல மோட்டாரு நின்னுபோச்சுன்னா தக்காளிச் செடி நாளைக்கு வரைக்கும் நிக்குமா கண்ணு? அவருக்கு இன்னிக்குத் தண்ணி பாயோணும்" என்றார்.

அப்படிப் போனவர்கள் அடுத்த தடவை நம் கடைக்கே வந்தார்களா என்றால், வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. அப்பா அதற்கெல்லாம் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் என் சித்தி பையன். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிறான். போன மாதம் ஒறம்பரை வீட்டு விசேஷத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் நான் எழுதும் வலைப்பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு வகுப்பெடுத்தான். "ஏனுங்க்கா, ஒரு கட்டுரைல 11 லிங்க் குடுத்து வெச்சிருக்கறீங்க. வந்த ஆளைக் கைப்புடிச்சுக் கொண்டுபோய் அடுத்தவன் கடைல விட்டுட்டு வர்றீங்களே. படிக்கறவன் அப்படியே போயிட்டான்னா?"

போகட்டுமே என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. படிப்பவர் நம் பக்கத்தில் எத்தனை நிமிஷம் இருந்தார், எந்த இடத்தில் கழன்றுகொண்டார் என்றெல்லாம் பார்க்க ஒரு திரை இருக்கிறதாம். அதில் கோடு கீழே இறங்கினால் அவனுக்கு வெசனம். நான் அவனைத் திருப்பிக் கேட்டேன். "உங்க ஊர்ல ஒரு பனியன் முழுசா ஒரே கூரைக்கடியில பொறக்குதா சாமி?" பெரிய கம்பெனிகள் சில எல்லாவற்றையும் சொந்தமாக வைத்திருக்கும். மற்றபடி நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயப்பட்டறை வேறு, காம்பாக்டிங் வேறு, பிரிண்டிங் இன்னொருவர், தையல் இன்னொருவர். யார் எதை நன்றாகச் செய்வார்கள் என்று தெரிந்து அனுப்பி வைப்பதில்தான் அந்த ஊரே நடக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை துணி டெம்போவில் ஊர் சுற்றுகிறது. அதைப் பார்த்து வளர்ந்தவன் எனக்கு இந்தப் பாடம் எடுக்கிறான்.

விசேஷ வீட்டில் அதற்கு மேல் பேச முடியவில்லை, பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன்.

இணையத்தில் ஒரு சுட்டியைத் தொட்டு இன்னொரு தளத்துக்குப் போகும்போது, நம்முடைய பிரவுசர் அந்தத் தளத்திடம் ஒரு சேதி சொல்கிறது: 'இவர் இன்ன இடத்திலிருந்து வருகிறார்.' இந்தச் சேதிக்கு ரெஃபரர் என்று பெயர். பிரவுசரும் தளமும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர்; 1996இல் வெளியான அதன் விதிமுறை ஆவணத்தில் அந்த ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள். திருத்துவதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டதால், உலகத்துப் பிரவுசர்கள் எல்லாம் இன்றைக்கும் எழுத்துப்பிழையோடுதான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காங்கயத்தில் நான் சொன்னேன்னு சொல்லுங்க! அப்பா வாயால் சொல்லி அனுப்பியதை இங்கே எந்திரமே சொல்லிவிடுகிறது. இப்போது அந்தரங்கம் கருதிப் பெரும்பாலான பிரவுசர்கள் முழு முகவரியைக் கொடுப்பதில்லை, தளத்தின் பெயரை மட்டும் சொல்கின்றன. 'காங்கயத்திலிருந்து வர்றேனுங்க' என்பதோடு சரி, எந்தக் கடை என்று சொல்வதில்லை.

இந்தத் 'தடம்' என்கிற சொல்லும் இதில் இருக்கிறது. நம் பக்கம் வழி என்பதைவிடத் தடம் என்பதுதான் வாயில் வரும். 'அந்தத் தோட்டத்துக்கு எந்தத் தடத்துல போறதுங்க?' கிளுவை வேலிக்கு நடுவே வண்டி போகிற இட்டேரியும் ஒரு தடம்தான். 1945இல் வனெவார் புஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர், மைக்ரோஃபிலிமில் நூல்களை அடக்கிவைத்த ஒரு மேசையைக் கற்பனை செய்து, அதற்கு மெமெக்ஸ் என்று பெயர் வைத்தார். ஒரு நூலின் பக்கத்திலிருந்து இன்னொரு நூலின் பக்கத்துக்கு நாமே தடம் போட்டு வைக்கலாம், போட்ட தடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். தடம் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் வருவார்கள் என்றும் எழுதினார். அந்த மேசையை யாரும் செய்யவில்லை. தடம் போடுகிறவர்கள் மட்டும் வந்தார்கள். 1997இல் 'வெப்லாக்' என்ற சொல்லை ஜோர்ன் பார்கர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது அது இன்று எங்கெங்கே போனேன், என்னென்ன பார்த்தேன் என்கிற சுட்டிப் பட்டியல்தான். சொந்தக்கதை சோகக்கதை எல்லாம் பிறகு சேர்ந்தது. நானும் சேர்த்தவள்தான்.

சித்தி பையனிடம் சொல்ல விட்டுப்போனது ஒன்று. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டியைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அதில் சொந்தச் சரக்கு என்று எதுவும் கிடையாது. யார் யார் புதிதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தலைப்பைக் காட்டும். தொட்டால் அங்கே அனுப்பிவிடும். வருகிறவர் எல்லோரையும் வெளியே அனுப்புவது மட்டுமே வேலையாக இருந்த அந்த இடத்துக்கு, என் போன்றவர்கள் காலையில் ஒருதரம் ராத்திரி ஒருதரம் போய் நின்றோம். அவனுடைய கோட்டுப்படம் இதற்கு என்ன சொல்லும் என்று தெரியவில்லை.

நான் ஒன்றும் தொடக்கத்திலிருந்தே இப்படி யோக்கியமாக இருந்தவள் அல்ல. சில வருஷங்களுக்கு முன்னால் கொடுமணலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிற ஊர். 1985இலிருந்து பல கட்டங்களாக அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள், இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகள் எல்லாம் கிடைத்தன. மணி செய்த பச்சைக்கல் எங்கள் காங்கயத்துக்குப் பக்கத்துப் படியூரில் கிடைப்பது. இந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் எழுதினேன். சங்கப் பாட்டில் இந்த ஊருக்குப் பெயர் கொடுமணம். 'கொடுமணத்தைப் பதிற்றுப்பத்தின் 74ஆம் பாட்டில் கபிலர் பாடுகிறார்' என்று ஒரு வரி. எங்கோ பார்த்து எடுத்தது. எங்கே என்று எழுதவில்லை. படிக்கிறவர்களுக்கு நானே சங்க இலக்கியத்தைக் கரைத்துக் குடித்தவள் போலத் தோன்றட்டும் என்கிற ஆசை. இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை, அப்போது இருந்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் போன் வந்தது. சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர்.

"அம்மணி, 74 அரிசில்கிழார் பாட்டுங்க. கபிலர் பாட்டு 67. ரெண்டுலயும் கொடுமணம் வருது, நீங்க ரெண்டையும் போட்டுக் கலக்கிட்டீங்க. இதை எங்க பார்த்தீங்க?"

"ஞாபகமில்லீங்கய்யா."

"நீங்க பார்த்த இடத்துல தப்பா, நீங்க எடுக்கும்போது தப்பான்னு தெரியோணுமில்லீங்களா? அங்க தப்புன்னா அவிகளுக்கும் சொல்லலாம். சுட்டி குடுத்திருந்தா நானே போய்ப் பார்த்திருப்பேன். சுட்டி இல்லீன்னா அதுக்குப் பேரு சுட்டதுங்க அம்மணி."

திட்டியதாகவே இல்லை. அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். நான் அன்று ராத்திரி முழுக்கத் தேடியும் எடுத்த இடம் அகப்படவில்லை. நான் எழுதியதை எடுத்து இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் ஓட்டியிருந்தார்கள், அது மட்டும் அகப்பட்டது. 74, கபிலர், பிழையோடு, என் பேர்கூட இல்லாமல். நான் யாருக்குச் செய்தேனோ அதையே எனக்கும் செய்திருந்தார்கள்.

தப்பைத் திருத்துவதற்காக 67ஆம் பாட்டை எடுத்துப் படித்தேன். முழுதாகப் படித்தது அன்றைக்குத்தான். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாட்டின் துறை பாணாற்றுப்படை. கைதேர்ந்த பாணனே என்று கபிலர் ஒருவனைக் கூப்பிட்டு, சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிப் போனால் உனக்குக் கடல்முத்தும் நல்ல அணிகலனும் கிடைக்கும் என்று ஆற்றுப்படுத்துகிறார். கொடுமணம் என்ற பெயர் நமக்கு வந்து சேர்ந்ததே, ஒருவர் இன்னொருவரிடம் 'இன்னாரிடம் போ' என்று சொன்ன பாட்டு வழியாகத்தான். அதைத்தான் நான் தடம் சொல்லாமல் எடுத்துப் போட்டிருந்தேன்.

பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து, ஆற்றுப்படை. பரிசு பெற்று வருகிறவன், பெறாமல் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வது என்று தொல்காப்பியம் இதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. பரிசு கொடுப்பவன் ஒருவன், கூட்டம் போனால் தனக்குக் குறைந்துவிடும் என்று அந்தப் பாணன் நினைத்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டான். திறந்ததோடு நிற்காமல், வழியில் என்ன ஊர் வரும், எந்தக் குடியில் என்ன சோறு போடுவார்கள் என்பது வரைக்கும் விவரம் சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையைப் பிடித்துக்கொண்டு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று ஊர் ஊராகப் போகலாம்.

பள்ளியில் பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட இந்தச் சமாசாரத்திலிருந்து நான் இரண்டு பழக்கங்களை எடுத்துக்கொண்டேன்.

பெற்றவன்தான் பெறாதவனுக்குச் சொல்ல வேண்டும். அதாவது, நான் முழுக்கப் படித்ததற்குத்தான் சுட்டி கொடுப்பது. தலைப்பைப் பார்த்தே கொடுத்து ஒருமுறை மாட்டிக்கொண்டேன். நொய்யல் அணைகளைப் பற்றிய கட்டுரை என்று நான் அனுப்பிய இடத்தில் முதல் பத்தி மட்டும் நொய்யல், மீதியெல்லாம் மனை விற்பனை விளம்பரம். இரண்டு பேர் எழுதிக் கேட்டார்கள், உங்களுக்கு இதில் கமிஷன் உண்டுங்களா என்று.

இன்னொன்று, போனால் என்ன கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவது. 'மேலும் படிக்க இங்கே' என்று எழுதும் பழக்கத்தை விட்டேன். கண் தெரியாதவர்கள் திரைவாசிப்பானில் சுட்டிகளை மட்டும் தனியாக வரிசையாகக் கேட்பதுண்டு. அவர்கள் காதில் என் பழைய கட்டுரைகள் 'இங்கே, இங்கே, இங்கே' என்று மட்டும் ஒலித்திருக்கும். புளியமரமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல் வெறும் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. இப்போது 'படியூர்ப் பச்சைக்கல் பற்றிய அகழாய்வுக் குறிப்பு, நடுவில் ஒரு நல்ல வரைபடம்' என்கிற அளவுக்காவது எழுதுகிறேன். வாக்கியம் நீளும். நீளட்டும்.

யாருக்குக் கொடுப்பதில்லை என்பதும் உண்டு. 'அந்தக் கடைக்குப் போகாதீங்க' என்று அப்பா யாரிடமும் சொன்னதில்லை. பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுவார், அவ்வளவுதான். சந்தையில் எல்லோருக்கும் அது புரியும். லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998இல் வெளியிட்ட கூகுள் தேடுமுறையின் அடிப்படையே இந்தச் சந்தை வழக்கம்தான் என்று தோன்றுகிறது. எத்தனை பேர் ஒரு பக்கத்தைக் கைகாட்டுகிறார்கள், கைகாட்டுகிறவர்களை எத்தனை பேர் கைகாட்டுகிறார்கள் என்று பார்த்து மதிப்புப் போடுவது. மதிப்பு வந்ததும் விலையும் வந்துவிட்டது. இன்றைக்கும் மாதத்துக்கு நாலைந்து மின்னஞ்சல் வருகிறது: உங்கள் பழைய கட்டுரையில் எங்கள் தளத்துக்கு ஒரு 'டு-ஃபாலோ' சுட்டி வையுங்கள், இத்தனை டாலர் தருகிறோம். மதிப்பைக் கூட்டாமல் கைகாட்ட வேண்டுமென்றால் 'நோஃபாலோ' என்று ஒரு குறி வைக்கலாம், 2005இல் வந்தது. தப்பான தகவலைச் சுட்டிக்காட்டி மறுக்கும்போது அதை வைக்கிறேன். டாலர்க்காரர்களுக்குப் பதிலே எழுதுவதில்லை. காசு வாங்கிக்கொண்டு அப்பா ஒரு கடையைச் சொல்லியிருந்தால் அந்த ஊரில் ஒரே வாரத்தில் தெரிந்திருக்கும்.

சமூக ஊடகங்களின் சேதி தனி எரிச்சல். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே முகவரி எழுதினால் தொட முடியாது, வெறும் எழுத்தாக நிற்கும். ஃபேஸ்புக்கில் 'சுட்டி முதல் கமெண்டில்' என்று எழுதி எழுதி எல்லோருக்கும் கை பழகிவிட்டது. வெளியே போகிற கதவைப் பொடக்காளியில், அதாவது கொல்லைப் பக்கம் வைத்துக் கட்டிய வீடுகள்.

ஆனால் சுட்டிக்கு ஒரு பெரிய நோய் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சுட்டி செத்துப்போகும். 1965இல் ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த டெட் நெல்சன் இரண்டு முனையும் ஒன்றையொன்று அறிந்திருக்கும் சுட்டிகளை விரும்பினார். 1989இல் செர்ன் ஆய்வகத்தில் வலையைத் திட்டமிட்ட டிம் பெர்னர்ஸ்-லீ ஒற்றைவழிச் சுட்டியே போதும் என்று வைத்துக்கொண்டார். யாரையும் அனுமதி கேட்க வேண்டாம், எவரும் எவரையும் கைகாட்டலாம். அப்பாவும் தாராபுரம் ரோட்டுக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டா ஆள் அனுப்பினார்? அதனால்தான் வலை இப்படிப் பெருகியது. அதனால்தான் அந்தக் கடை மூடினாலும் நமக்குத் தகவல் வருவதில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் எண்ணிப் பார்த்துச் சொன்னது: 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போயிருந்தன.

அப்பாவின் கடைச் சுவரிலும் இப்படி ஒன்று இருந்தது. கல்லாவுக்கு மேலே, காலண்டர்களுக்கு நடுவே, மற்ற கடைகளின் போன் நம்பர்களை பென்சிலில் எழுதி வைத்திருப்பார். கடையை வாடகைக்கு விட்டபோது வந்தவர்கள் முதல் வேலையாகச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள். நான் போட்டோ எடுத்து வைக்கவில்லை. எடுத்திருந்தாலும் எல்லாம் பழைய லேண்ட்லைன் நம்பர்கள், கூப்பிட்டால் போகாது.

இப்போது சுட்டி கொடுக்கும்போதே அந்தப் பக்கத்தை இண்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு நகல் சேமித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். ஒரு பக்கத்துக்கு அரை நிமிஷம் பிடிக்கும். 1996இலிருந்து வலையைச் சேமித்து வருகிறார்கள். பழைய கட்டுரைகளை வருஷத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிப்பது போல உட்கார்ந்து சரிபார்ப்பேன். செத்த சுட்டி இருந்தால் நகலுக்கு மாற்றுவேன். நகலும் இல்லையென்றால், அங்கே என்ன இருந்தது என்று இரண்டு வரி எழுதிவிட்டுச் சுட்டியை எடுத்துவிடுவேன். போன வருஷம் செய்யவில்லை. மகளுக்குப் பத்தாவது பரீட்சை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சென்னிமலை வாத்தியார் ஐயாவிடமிருந்து வாட்ஸ்அப். என் கொடுமணல் கட்டுரையை, திருத்தியதைத்தான், பேரனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாராம்.

"அம்மணி, நீங்க குடுத்த மூணாவது சுட்டி திறக்கலீங்க."

பார்த்தேன். திறக்கவில்லைதான். இருங்கய்யா, வர்றேன்.